களஞ்சியத்தின் சாவி



பள்ளி அலுவலகம் ஒன்றினுள் நுழைந்தால் அலமாரிகளில் பதிவேடுகள் அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, கட்டணப் பதிவேடு எனப் பல இருக்கும். ஒரு மாணவனின் பெயரும், பெற்றோர் பெயரும், பிறந்த நாளும், முகவரியும் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரே ஓர் இடத்தில் எழுதப்பட்டிருக்கும். மற்றப் பதிவேடுகளில் அவனுடைய சேர்க்கை எண்ணைக் குறித்தால் போதும். அந்த எண்ணைப் பற்றிக்கொண்டு ஒரு பதிவேட்டிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றுவிடலாம். முகவரி மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் தீர்ந்தது. நான்கு இடங்களில் திருத்தி, ஐந்தாவதை மறந்துவிடும் தொல்லை இல்லை.

இந்த எளிய ஒழுங்கைக் கணித நெறியோடு கணினிக்கு வகுத்துக் கொடுத்தவர் எட்கர் காட் என்னும் அறிஞர். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் பணிபுரிந்தவர். 1970ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையே உறவுநிலைத் தரவுத்தளம் என்னும் கருத்துக்கு வித்தாக அமைந்தது. அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கென்று அதே நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் 1974இல் ஒரு மொழியை வகுத்தனர். எஸ்கியூஎல் என்று இன்று நாம் அறியும் மொழி அதிலிருந்து வளர்ந்ததே. 1986இல் அமெரிக்கத் தர அமைப்பும், 1987இல் உலகத் தர அமைப்பும் அதனை ஏற்றுக்கொண்டன. இவ்வளவும் உங்கள் பாடநூலில் உள்ளவையே.

பாடநூல் விரைந்து கடந்து செல்லும் ஓர் இடம் உண்டு. அதுவே இன்று என் பேச்சுக்குப் பொருள். மேசைமீதுள்ள கணினியில் ஒரு செயலி இயங்குகிறது. தரவுத்தளம் வேறோர் இடத்தில் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே எவ்வழியை அமைப்பது? கல்லூரியில் திட்டப்பணி செய்யும் மாணவர்கள் இக்கேள்வியை ஒரு மாலைப்பொழுதில் தீர்த்துவிடுகிறார்கள். கைக்கு முதலில் கிடைத்த இயக்கியை நிறுவுகிறார்கள். இணைப்பு கிடைத்தவுடன் மகிழ்ந்து மேலே செல்கிறார்கள். எந்த இயக்கி விரைவானது என்ற வாதம் மட்டும் விடுதி அறைகளில் நெடுநேரம் நடக்கும். என் கருத்தில் விரைவு பற்றிய கேள்வி கடைசியில் எழ வேண்டியது. முதற்கேள்வி வேறு. களஞ்சியத்தின் சாவியை யார் கையில் கொடுக்கிறோம் என்பதே அது.

முதலில் இயக்கி என்றால் என்ன என்று பார்ப்போம். ஒவ்வொரு தரவுத்தளமும் தனக்கென ஒரு பேச்சு முறையை உடையது. மைஎஸ்கியூஎல் பேசுவது போஸ்ட்கிரெஸுக்குப் புரியாது. ஆதலால் ஒரு காலத்தில் செயலி எழுதுவோர் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனியே நிரல் எழுத வேண்டியிருந்தது. 1992இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஓடிபிசி என்னும் பொது முறையை வெளியிட்டது. செயலி ஒரே வகையாகப் பேசும். நடுவே உள்ள இயக்கி அதனை அந்தந்தத் தரவுத்தளத்தின் மொழியில் மாற்றிச் சொல்லும். 1997இல் ஜாவா மொழிக்கென ஜேடிபிசி வந்தது. இவ்விரண்டிற்கும் இடையே நடைமுறையில் ஒரு வேறுபாடு உண்டு. ஓடிபிசி இயக்கியைப் பெரும்பாலும் ஒவ்வொரு கணினியிலும் தனியே நிறுவ வேண்டும். முழுவதும் ஜாவாவிலேயே எழுதப்பட்ட ஜேடிபிசி இயக்கியையோ செயலியோடு சேர்த்தே அனுப்பிவிடலாம். ஒரு கணினியாயின் இது பெரிதன்று. நாற்பது கணினிகளாயின் பெரிதே.

சிறு வேடிக்கை ஒன்றையும் சொல்லிச் செல்கிறேன். 64 பிட் விண்டோஸில் ஓடிபிசி இணைப்புகளை அமைக்கும் கருவி இரண்டு உண்டு. 64 பிட் செயலிகளுக்கான கருவி, பெயரிலேயே 32 என்ற எண்ணைத் தாங்கிய கோப்புறையில் இருக்கிறது. 32 பிட் செயலிகளுக்கானதோ, பெயரில் 64 என்ற எண் உள்ள கோப்புறையில் இருக்கிறது! பழைய செயலிகள் பழுதின்றி இயங்கவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இயக்கியை நிறுவிய பிறகும் செயலி அதனைக் காணவில்லை என்று கூறினால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இனிச் சாவிக்கு வருவோம். செயலி தரவுத்தளத்தோடு நேரே பேசுவதானால், தரவுத்தளத்தின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகிய மூன்றும் அச்செயலிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவற்றைச் செயலியுடன் வரும் ஓர் அமைப்புக் கோப்பில் எழுதி வைப்பது வழக்கம். அக்கோப்பைச் சாதாரண உரைத் திருத்தியில் எவரும் திறந்து படிக்கலாம். "மறையாக்கம் செய்து வைத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். மறையை அவிழ்க்கும் திறவுகோலும் அச்செயலிக்குள்ளேயே இருந்தாக வேண்டுமன்றோ? பூட்டிய பெட்டியையும் அதன் சாவியையும் ஒருவர் கையிலேயே கொடுத்துவிட்டு, "திறக்காதீர்" என்று வேண்டிக்கொள்வதைப் போன்றது அது. பயனரின் கணினியில் உள்ள எதுவும் பயனருக்கு மறைபொருளாக நெடுநாள் இராது.

இதனால் விளையும் தீங்கைப் பள்ளியின் மதிப்பெண் பதிவேட்டை வைத்தே எண்ணிப் பாருங்கள். செயலியின் திரையில் ஒரு விதி இருக்கிறது. கணித ஆசிரியர் கணித மதிப்பெண்ணை மட்டுமே திருத்தலாம். தேர்வு முடிவு வெளியான பின்னர் எவரும் திருத்த முடியாது. விதி நல்ல விதி. ஆனால் அது திரையில் மட்டுமே இருக்கிறது. செயலி பயன்படுத்தும் கடவுச்சொல்லோ எல்லா அட்டவணைகளையும் மாற்றும் உரிமை கொண்டது. அக்கடவுச்சொல்லைக் கண்டுகொண்ட ஒருவர், இலவசமாகக் கிடைக்கும் பொதுவான தரவுத்தளக் கருவி ஒன்றைக் கொண்டு நேரே உள்ளே சென்றுவிடலாம். அங்கே திரையும் இல்லை, விதியும் இல்லை. 91 என்பது 61 ஆகிவிட்டால், யார் மாற்றினார் என்பதும் தெரியாது. ஏனெனில் எல்லோரும் ஒரே பெயரில் நுழைகிறார்கள். அந்த எண்ணை நம்பிக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் காத்திருக்கும் பெண்ணுக்கு நாம் என்ன விடை சொல்வது?

ஆதலின் நேரடி இணைப்பே ஆகாது என்று சிலர் முடிவு கட்டுவர். அத்துணைக் கடுமை எனக்கு உடன்பாடன்று. ஒரே கட்டடத்துக்குள், ஒரே வலையமைப்பில், ஐந்தாறு கணினிகள் மட்டும் இருக்குமாயின் நேரடி இணைப்பைத் தக்க முறையில் அமைக்கலாம். ஒவ்வொருவருக்கும் தரவுத்தளத்திலேயே தனிக் கணக்கு கொடுக்க வேண்டும். இன்னாருக்கு இன்ன அட்டவணையில் படிக்கும் உரிமை, இன்னாருக்குத் திருத்தும் உரிமை என்று தரவுத்தளத்துக்கே சொல்லி வைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் போன்றவற்றில் ஓர் அட்டவணையின் எந்தெந்த வரிகளை யார் காணலாம் என்றுகூட வரையறுக்க முடியும். அப்போது விதி திரையில் நிற்காது. களஞ்சியத்தின் வாயிலிலேயே நிற்கும். எந்தக் கருவியைக் கொண்டு வந்தாலும் அதே வாயிற்காவலனைக் கடந்துதான் செல்ல வேண்டும். செயலிக்குள் கடவுச்சொல்லை எழுதி வைக்கவும் தேவையில்லை. பயனரே ஒவ்வொரு நாளும் தம் கடவுச்சொல்லைத் தந்து நுழைவார்.

கட்டடத்தை விட்டு வெளியே போகும்போது நிலைமை மாறுகிறது. ஆசிரியர்கள் வீட்டிலிருந்தும் மதிப்பெண் பதிய விரும்புகிறார்கள் என வைத்துக்கொள்வோம். தரவுத்தளத்தின் வாயிலை இணையத்துக்கே திறந்துவிட வேண்டும் என்று சிலர் ஆலோசனை கூறுவர். அவ்வாறு திறந்து வைப்பதால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு.

2003ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், சனிக்கிழமை. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் என்னும் தரவுத்தளத்தில் இருந்த ஒரு பிழையைப் பயன்படுத்தி, ஸ்லாமர் என்று பின்னர் பெயர் பெற்ற ஒரு புழு நிரல் இணையத்தில் இறங்கியது. அதன் அளவு 376 பைட்டு; நான் இப்போது பேசும் இந்தப் பத்தியைவிடச் சிறியது. தொடக்கத்தில் ஏறத்தாழ எட்டரை வினாடிக்கு ஒரு முறை அது இருமடங்காகப் பெருகியது. பத்து நிமிடங்களுக்குள் அதற்கு இலக்காகக் கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றை அது பிடித்துவிட்டது. குறைந்தது 75,000 கணினிகள் பாதிக்கப்பட்டன. பாங்க் ஆஃப் அமெரிக்காவின் பணம் வழங்கும் இயந்திரங்கள் பல செயலிழந்தன. ஓஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸே அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு நிலவரம் காட்டும் கணினி அமைப்பு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் முடங்கிக் கிடந்தது. நிலையம் அப்போது மின் உற்பத்தியை நிறுத்தி வைத்திருந்தது நல்வாய்ப்பே.

இதில் நாம் கருத வேண்டியவை இரண்டு. அப்பிழையைத் திருத்தும் இணைப்பு நிரல் ஆறு மாதங்களுக்கு முன்பே, 2002 ஜூலையில், வெளியாகிவிட்டது. எனினும் பலர் அதனை நிறுவவில்லை. ஏன்? அவர்களுட் பலருக்குத் தம் கணினியில் ஒரு தரவுத்தளம் இருக்கிறது என்பதே தெரியாது! எஸ்கியூஎல் சர்வரின் சிறிய வடிவம் ஒன்றைப் பல நிறுவனங்கள் தம் மேசைச் செயலிகளோடு சேர்த்து அனுப்பியிருந்தன. வாங்கியவர் செயலியைத்தான் கண்டார். அதனுள்ளே ஒரு தரவுத்தளச் சேவையகம் ஒளிந்திருந்து, வலையமைப்பின் பக்கம் ஒரு வாயிலைத் திறந்து வைத்துக்கொண்டிருந்ததை அவர் காணவில்லை. செயலி எழுதியவர் தம் வசதிக்காகச் செய்த தேர்வுக்கு, அதனை வாங்கியவர் விலை கொடுத்தார்.

ஆகவே தொலைவிலிருந்து வருவோர்க்கென நடுவில் ஒரு சேவை நிரலை நிறுத்துவதே தக்கது. கடவுச்சொல் அச்சேவையிடம் மட்டும் இருக்கும். அச்சேவை நம் பாதுகாப்பில் உள்ள கணினியில் இயங்கும். ஆசிரியரின் செயலி தரவுத்தளத்தை அறியாது. "இன்ன சேர்க்கை எண்ணுக்குரிய கணித மதிப்பெண்ணை 78 எனப் பதிக" என்று சேவைக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பும். கேட்பவர் யார், அவருக்கு அவ்வுரிமை உண்டா, காலம் கடந்துவிட்டதா என்றெல்லாம் சேவை ஆராய்ந்து பார்த்துப் பின்னரே எழுதும்; யார் எழுதினார் என்பதையும் குறித்து வைக்கும். மற்றொரு நன்மையும் இதில் உண்டு. நாளை அட்டவணையின் அமைப்பை மாற்ற நேர்ந்தால் சேவையை மட்டும் திருத்தினால் போதும். நேரடி இணைப்பாயின், நாற்பது மேசைகளிலும் உள்ள பழைய செயலிகள் ஒரே நாளில் படுத்துவிடும்.

இதற்கும் செலவு உண்டு. எழுத வேண்டிய நிரல் ஒன்றுக்கு இரண்டாகிறது. சேவை நின்றுபோனால் எல்லாம் நின்றுபோகும். அதனைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும். ஓர் அறையில் மூன்று கணினிகளை வைத்துள்ள சிறு நூலகத்துக்கு இத்தனையும் சுமத்துவது வீண் ஆடம்பரம்.

தொலைவு பற்றி ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் மாணவர்களின் பட்டியலைப் பெற்று, ஒவ்வொருவரின் மதிப்பெண்ணையும் தனித்தனி வினவலாகக் கேட்கும் செயலி ஒன்று இருக்கிறது எனக் கொள்வோம். அலுவலக வலையமைப்பில் ஒரு கேள்வி போய் விடை திரும்ப அரை மில்லி வினாடி ஆகுமாயின், ஆயிரம் கேள்விகளுக்கு அரை வினாடி. யாரும் உணரமாட்டார்கள். அதே செயலியை இணையத்தின் வழியே இயக்கும்போது ஒரு சுற்றுக்கு 50 மில்லி வினாடி ஆகுமாயின், ஆயிரம் சுற்றுக்கு 50 வினாடி. இயக்கியை மாற்றினால் இது தீராது. இரண்டு அட்டவணைகளையும் சேர்த்து ஒரே வினவலில் கேட்டால் தீரும். விரைவைப் பற்றி விடுதியறையில் வாதிடுவோர் முதலில் எண்ண வேண்டியது சுற்றுகளையே. காத்திருக்கும் வேலையைத் திரையை வரையும் இழையிலேயே செய்யவும் கூடாது. செய்தால் அந்த 50 வினாடியும் திரை உறைந்து நிற்கும். பயனர் பொறுமையிழந்து செயலியையே மூடிவிடுவார்.

இணைப்பை எத்தனை நேரம் பிடித்து வைத்திருப்பது என்பதும் கருதத்தக்கது. போஸ்ட்கிரெஸின் இயல்பான அமைப்பில் ஒரே நேரத்தில் 100 இணைப்புகளுக்குத்தான் இடம். காலையில் திறந்த இணைப்பை மாலை வரை விடாமல் ஒவ்வொரு மேசையும் வைத்திருந்தால், பெரிய அலுவலகத்தில் அது விரைவில் நிரம்பிவிடும். இதனினும் தீயது, திருத்தத்தைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் எழுந்து போவது. பழைய அலுவலகங்களில் எழுத்தர் சிலர் பதிவேட்டை மேசையறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உணவுக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் கைகட்டிக் காத்திருக்க வேண்டும். அட்டவணை வரியைப் பூட்டிவிட்டுப் பயனரின் பதிலுக்காகக் காத்திருக்கும் செயலி அந்த எழுத்தரைப் போன்றதே. இதற்கு மாற்று உண்டு. ஒவ்வொரு வரியிலும் ஒரு பதிப்பு எண்ணை வைத்துக்கொள்ளலாம். படிக்கும்போது அது 7 என்றால், எழுதும்போது "பதிப்பு எண் இன்னும் 7 ஆகவே இருந்தால் மட்டும் எழுதி, அதனை 8 ஆக்குக" என்று சொல்ல வேண்டும். ஒரு வரியும் மாறவில்லை என்று விடை வந்தால், இடையில் வேறொருவர் திருத்திவிட்டார் என்பது பொருள். மறுபடியும் படித்துக் காட்டலாம். யாரையும் காக்க வைக்காமலே ஒருவர் எழுத்தை மற்றவர் அழிப்பதைத் தடுத்துவிடுகிறோம்.

எவ்வழியைத் தேர்ந்தாலும் ஒன்றை மட்டும் விலக்கவே கூடாது. பயனர் தட்டச்சிடும் சொற்களை வினவலோடு ஒட்டி வாக்கியமாக்குவது பெருங்கேடு. டிசூசா என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது நடுவே ஒரு மேற்குறி வரும். ஒட்டி எழுதிய வினவலில் அம்மேற்குறி பெயரின் முடிவு என்று கொள்ளப்பட்டு, வினவல் உடைந்துபோகும். நல்லவர் பெயராலேயே உடைவது, தீயவர் கையில் ஆயுதமாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வினவலை முன்பே அமைத்து, மதிப்புகளைத் தனியே கொடுக்கும் முறை எல்லா இயக்கிகளிலும் உண்டு. அதனையே கையாள்க.

இதுவரை சேவையகம் உள்ள தரவுத்தளங்களையே பேசினோம். சேவையகமே வேண்டாத ஒரு தரவுத்தளமும் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல்களில், கப்பலுக்குச் சேதம் நேர்ந்தால் சமாளிக்க உதவும் நிரல் ஒன்றை எழுதும் பணியில் ரிச்சர்ட் ஹிப் என்பவர் ஈடுபட்டிருந்தார். முதலில் அந்நிரல் ஒரு பெரிய தரவுத்தளச் சேவையகத்தைச் சார்ந்திருந்தது. சேவையகம் நின்றால் நிரலும் பயனற்றுப் போகும். அடிபட்ட கப்பலில் தரவுத்தள நிர்வாகியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? தனியே நிறுவவும் நிர்வகிக்கவும் தேவையில்லாத தரவுத்தளம் ஒன்றை அவர் 2000ஆம் ஆண்டில் உருவாக்கினார். எஸ்கியூலைட் என்பது அதன் பெயர். அது செயலியின் உள்ளேயே ஒரு பகுதியாக இயங்கும். அட்டவணைகள் அனைத்தும் ஒரே கோப்பில் அடங்கும். இதில் வலையமைப்பு இல்லை, திறந்த வாயில் இல்லை. பலர் ஒரே நேரத்தில் படிக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவரே எழுதலாம். ஒருவர், ஒரு கணினி, அவருடைய தரவு என்ற நிலையில் இதனினும் சிறந்ததை நான் அறியேன். ஆயினும் அக்கோப்பைப் பொதுக் கோப்புறையில் வைத்து, வலையமைப்பின் வழியே பலரும் எழுதலாம் என்று எண்ணிவிடாதீர்கள். வலையமைப்புக் கோப்புறைகளில் பூட்டுதல் சரியாக நடப்பதில்லை; கோப்பு சிதைந்துவிடக்கூடும்.

ஆராய்ச்சி மாணவர்கள் மேற்கோள் நூல்களைத் தொகுக்கப் பயன்படுத்தும் ஸொட்டேரோ என்னும் செயலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது தன் தரவை உங்கள் கணினியில் ஓர் எஸ்கியூலைட் கோப்பில் வைக்கிறது. இரண்டு கணினிகளுக்கிடையே தரவை ஒத்திசைக்க வேண்டுமானால், அக்கோப்பை இணையக் கோப்புறையில் போட்டுவிடாதீர்கள் என்று அதன் ஆசிரியர்களே எச்சரிக்கிறார்கள். ஒத்திசைவு நடப்பது இடையே உள்ள ஒரு சேவையின் வழியாகத்தான். கணினிக்குள் நேரடி வழி. வெளியே செல்லச் சேவை வழி.

பயர்பாக்ஸ் உலாவியை வைத்திருப்போர் இன்றே ஒன்றைச் செய்து பார்க்கலாம். நீங்கள் சென்று வந்த பக்கங்களையும் குறித்து வைத்த பக்கங்களையும் அது ஓர் எஸ்கியூலைட் கோப்பில்தான் சேர்த்து வைக்கிறது. எஸ்கியூலைட் கோப்புகளைக் காட்டும் இலவசக் கருவி ஒன்றால் அதனைத் திறந்து பாருங்கள். ஓர் அட்டவணையில் பக்கங்களின் முகவரிகள் இருக்கும். குறித்து வைத்தவற்றின் அட்டவணையிலோ முகவரி இராது. முதல் அட்டவணையில் அம்முகவரிக்கு உரிய எண் மட்டுமே இருக்கும், நம் பதிவேடுகளில் சேர்க்கை எண் இருப்பதைப் போல. உலாவியை மூடிவிட்டு, கோப்புக்கு ஒரு படி எடுத்துக்கொண்டு, அந்தப் படியைத் திறப்பது நல்லது.